கண்ணுக்கு மறைந்த மூட்டு

அலெக் இசிகோனிஸ் வடிவமைக்க, 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டி இலங்கையில் இன்றும் ஓடுகின்றது. 1990களில் வடபகுதியில் பெற்றோலுக்குத் தடையிருந்த காலத்திலே பழைய வண்டிகள் மண்ணெண்ணெயிலும் ஓடின. இயந்திரத்துக்கு அவ்வளவு பொறுமை உண்டு. முன்சில்லின் மூட்டுக்கோ அது கிடையாது.

முன்சில்லைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் மேலும் கீழும் திருகுமரை மூட்டுகள் உள்ளன. சுக்கானைத் திருப்புந்தோறும் அம்மரைகள் உராய்கின்றன. கீழ்மூட்டு சில்லின் பின்னே மறைந்திருப்பதால் பலர் அதனை மறந்துவிடுவர். உருத்திரபுரத்து வாய்க்காற் பாதைகளின் மாரிச் சேறும் கோடைப் புழுதியும் அப்புவதோ அவ்விடத்திலேதான். கிறீஸ் வற்றினால் மரை தேயும். ஒருநாள் கம்பி கழன்று, சில்லு வண்டியின் கீழே மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே இது நேர்வது ஓட்டுபவரின் நல்லூழ்.

வண்டி நிலத்தில் நிற்கையில் அதன் பாரம் மூட்டை அழுத்துவதால் கிறீஸ் நன்றாக உட்புகாது. முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளை அடியில் வைத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே புகலாகாது. சில்லை ஒருபுறம் முற்றாகத் திருப்பினால் நிப்பிள் கண்ணிற்படும். அதனைத் துணியால் துடைத்த பின்பே கிறீஸ் அடிக்க வேண்டும்; துடையாவிடின் சேறும் கூடவே உள்ளே போகும். கறுத்த பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை அடித்தல் நன்று. புகாவிடின் நிப்பிளைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவிப் பூட்டி, மற்றொருவர் சுக்கானை இருபுறமும் மெல்லத் திருப்ப மீண்டும் முயலலாம்.

கைந்நூல் கூறும் மைற்கணக்கு தார்வீதிக்குப் பொருந்தும். வயற்பாதையில் ஓடும் வண்டிக்கு, வெள்ளம் கடந்த ஒவ்வொரு முறையும் கிறீஸ் அடிப்பதே தகும்.