சுரங்கம் மூடிய பிறகு

இன்று பட்டம் பெறும் இளம் வைத்தியர்களே,

வயலும் ஏரியுமாக இருந்த, சென்னையை அடுத்த நாவலூரில் இன்று வானளாவிய கட்டிடங்கள் எழும்பி நிற்கின்றன. இங்கே உங்கள் முன் பேச வந்திருக்கிறேன். வைத்தியத் தொழிலின் மகிமையைப் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு அமர எனக்கு விருப்பமில்லை. நம் தேசத்துத் தொழிலாளிகளின் சுவாசகோசத்தில் பல்லாண்டுகள் மறைந்திருந்து அவர்களை மாய்க்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரின் தூசியைப் பற்றியும், அதன் சம்பந்தமாக உங்களுக்குள்ள கடமையைப் பற்றியுமே பேச விரும்புகிறேன்.

ஜார்க்கண்டில் சாய்பாசாவுக்கு அருகே ரோரோ என்னும் குன்றுகள் உள்ளன. அங்கே 1983 வரை ஹைதராபாத் ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனம் கல்நார் வெட்டியெடுத்தது. அக்கம்பக்கத்து ஹோ பழங்குடி மக்கள் கூலிக்குச் சென்று அதை வெட்டினார்கள். பிறகு சுரங்கம் மூடப்பட்டது. பல லட்சம் டன் கழிவு மலைச்சரிவிலேயே விடப்பட்டு, மழைதோறும் கீழேயுள்ள வயல்களில் இறங்கிற்று. நமக்கு அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலாவிலும், ராஜஸ்தானத்திலும் இதே கனிமத்தை வெட்டியவர்கள் உண்டு.

கல்லை உடைத்து நாரைப் பிரிக்கும் இடத்தில் எழுகின்ற தூசியின் இழைகள், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லியவையாதலால், மூக்கின் மயிரையும் தொண்டையின் சளியையும் கடந்து சுவாசகோசத்தின் அடியிலுள்ள நுண்ணறைகளைச் சென்றடைகின்றன. அங்கே காவல் புரியும் விழுங்கணுக்கள் அவற்றை விழுங்க முயன்று, இழை தம்மைவிட நீளமாயிருப்பதால் முழுவதும் உட்கொள்ளமாட்டாமல் சிதைந்துபோக, அவற்றிலிருந்து கசியும் இரசாயனங்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்கி, புண் தழும்பாகி, தழும்பு பரவி, பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய உறுப்பு விறைத்துப்போகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்தில்லை. இவ்வளவோடும் நிற்பதில்லை. சுவாசகோசப் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள சம்பந்தத்தை 1955-இல் ஆங்கிலேய வைத்தியர் ரிச்சர்ட் டால் நிறுவினார். சுவாசகோசத்தைப் போர்த்திய சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றை, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 33 பேரிடம் கண்டு, 1960-இல் வைத்தியர் வாக்னரும் அவர் சகாக்களும் வெளியிட்டார்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் அதன் அருகில் வசித்தவர்கள் என்பதை நீங்கள் மறக்கலாகாது.

இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் நூற்ற ஒரு பெண் 33 வயதில் இறந்த செய்தி மருத்துவ ஏட்டில் வெளியானது 1924-இல். அங்கே தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தது 1931-இல். நம் நாட்டிலோ, கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல்தான் தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவரின் உடல்நலக் குறிப்பையும் பேண வேண்டும் என்று அத்தீர்ப்பு பணித்தது. காரணம் வெளிப்படை. இழை உள்ளே புகுந்து, பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்தே வியாதி தலைகாட்டுகிறது. அதற்குள் சுரங்கம் மூடியிருக்கும், மேஸ்திரி இறந்திருப்பான், வருகைப் பதிவேடு கரையானுக்கு இரையாகியிருக்கும்.

இதெல்லாம் தூரதேசத்துச் சங்கதி என்று எண்ணாதீர்கள். ரோரோவில் கல் உடைத்த வாலிபன் இன்று எழுபதைத் தொட்டவன். கட்டிட வேலைக்கு வந்த மகனோடு அவன் இங்கே பக்கத்திலுள்ள கேளம்பாக்கத்திலோ தாழம்பூரிலோ ஒற்றை அறையில் தங்கியிருந்து, ஒருநாள் இருமலோடு உங்கள் முன் வந்து அமரக்கூடும். அந்த மகனோ, மேலே வேயும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை, முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு கட்டிங் மெஷினால் அறுக்கிறான். புதிய சுரங்கங்களுக்குக் குத்தகை தருவதை 1986-லேயே நிறுத்திய நம் அரசு, ரஷ்யா முதலிய தேசங்களிலிருந்து கல்நாரை வரவழைக்க இன்றும் இடந்தருவது எனக்குப் பெருந்துயரம் தருகிறது.

டாக்டர் சௌரிமுத்து 1928-இல் காசநோய்ச் சானடோரியம் கண்ட தாம்பரத்துக்கு அருகில் வைத்தியம் பயின்ற உங்களுக்கு, இருமல் என்றதும் சளிப் பரிசோதனை நினைவுக்கு வருவது இயல்பே. அது செய்யவும் வேண்டும். சளியில் கிருமி இல்லையென்று தெரிந்தால் அத்துடன் நோயாளியை அனுப்பிவிடாதீர்கள். சட்டையை நீக்கச் சொல்லி, முதுகின் அடிப்பாகத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஆழ்ந்து இழுக்கும் மூச்சின் கடைசியில் காதருகே மயிரிழைகளைத் தேய்த்தாற்போன்ற நுண்ணிய ஒலி கேட்கிறதா என்று பொறுமையாகக் கேளுங்கள். விரல் நுனிகள் தடித்து நகம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, இப்போது செய்யும் வேலையை மட்டுமல்லாமல், வாலிபப் பருவத்திலிருந்து செய்த எல்லா வேலைகளையும் விசாரியுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை காலம், என்ன தூசி என்று குறித்துக்கொள்ளுங்கள். பெண்ணாயின், புருஷனின் வேலை உடுப்பைத் துவைத்தவளா என்றும் கேளுங்கள். அத்தூசியால் வியாதியுற்ற மனைவியர் பலர்.

சுரங்கத்தில் வேலை செய்பவருக்கோ முன்பு செய்தவருக்கோ கல்நார் வியாதி இருப்பதாகக் கருதும் வைத்தியர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு விதித்தது. ஆலைத் தொழிலாளிகளுக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு அவ்வாறே விதித்தது. எழுதுகிறவர் அரிது. நீங்கள் எழுதுங்கள், அதன் பிரதி ஒன்றை நோயாளியின் கையில் கொடுங்கள். நஷ்டஈடு கேட்டு அவர் செல்லும் இடத்தில், நிறுவனத்தின் வக்கீலுக்கு எதிரே அவர் நீட்டக்கூடிய ஆதாரம் பெரும்பாலும் அந்த ஒரு தாள்தான்.