தகப்பனாரின் கழகம்

முட்டை வடிவத் தோல் பந்தைக் காலால் உதைத்தும் முஷ்டியால் குத்தியும் கொண்டுபோய், வரிசையாக நிற்கும் நான்கு கம்பங்களின் நடு இரண்டுக்கும் ஊடே உதைத்தனுப்பினால் ஆறு புள்ளிகள் கிடைக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தில், போர்ட் அடிலெய்ட் கழகத்துக்காக எட்டு முறை பட்டம் வென்று கீர்த்தி பெற்றவர் கிரெக் பிலிப்ஸ். அவருடைய புதல்வி எரின் பிலிப்ஸைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

1985-இல் பிறந்த அச்சிறுமி, பையன்களுக்குச் சளைக்காமல் அவர்களோடு 13 பிராயம் வரை ஆடினாள். அதற்குமேல் வழி அடைபட்டது. திறமை போதவில்லை என்று விலக்கியிருந்தாலாவது மனம் ஆறும். பெண்ணாய்ப் பிறந்தது ஒன்றே தடையாயிற்று என்று நினைக்குந்தோறும் எனக்கு வேதனைதான் மிஞ்சுகிறது. அந்த ஆட்டம் இழந்ததைக் கூடைப்பந்து பெற்றுக்கொண்டது: 2006-இல் உலகச் சாம்பியன் பட்டம், 2008 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம், அமெரிக்க லீக்கில் 2012-லும் 2014-லும் வெற்றி.

2017-இல் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தில் பெண்களுக்கான தேசிய லீக் ஆரம்பமானபோது, மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் 31 வயதில், அவர் அடிலெய்ட் குரோஸ் அணியில் சேர்ந்து, அப்பருவத்திலேயே பட்டத்தையும் லீக்கின் தலைசிறந்த வீராங்கனை என்னும் விருதையும் ஒருங்கே பெற்றார்.

2019 மார்ச் 31 அன்று அடிலெய்ட் ஓவல் மைதானத்தில், கார்ல்டன் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தைக் காண 53,034 பேர் திரண்டிருந்தனர். மூன்றாவது கால்பகுதியில் இடது முழங்காலின் தசைநார் அறுந்து எரின் விழுந்தார். அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கொண்டுசென்றபோது, அத்தனை ஜனங்களும் ஆசனங்களை விட்டெழுந்து கரகோஷம் செய்தனர். மகளிர் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் வேண்டுமோ? அடிலெய்ட் 63–18 என்று வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீராங்கனைக்குரிய பதக்கமும் காயமுற்ற அவருக்கே கிடைத்தது.

சத்திர சிகிச்சைக்குப் பின் மீண்டு வந்து, 2022-இல் அதே அணியோடு மூன்றாம் பட்டத்தையும் வென்ற பிறகு, அவ்வாண்டே முதன்முதலாகப் பெண்கள் அணியைக் களமிறக்கிய போர்ட் அடிலெய்டுக்கு, அதாவது சிறுவயதில் தாம் ஆடக் கனவு கண்ட தகப்பனாரின் கழகத்துக்கு, அவர் முதல் தலைவியாகச் சென்றார். 2023-இல் அங்கிருந்தே ஓய்வு பெற்றார்.