பிள்ளையின் கையில் ஒரு கல்

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற ஆசிரியர் சந்திப்பில் எமது சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையகத்திலிருந்து ஒரு தொழிற்சங்கம் இங்கே வந்து கல்லையும் மண்ணையும் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள்தான் நாங்கள். அதையும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எங்கள் ஆட்கள் நிற்கிற மண்ணே காலுக்குக் கீழிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இதுவும் எங்களுக்குச் சங்க வேலைதான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். நீங்கள் "தோட்டம்" என்றால் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் போடுகிற சொந்தக் காணி. நாங்கள் "தோட்டம்" என்றால் எங்களுக்கு ஒரு துண்டுக் காணிகூட இல்லாத இடம். நேற்று உரும்பிராயில் ஒரு தோட்டத்தைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். அந்தச் செம்மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தோம். இறைப்பு முடிந்து வாய்க்கால் இன்னும் ஈரமாக இருந்தது. பாத்தி கட்டி, வரம்பு கட்டி, ஒரு பிடி மண்ணும் வெளியே போகாமல் வைத்திருக்கிறார் அந்த ஐயா. தன்னுடைய மண் என்றால் மனிதன் அப்படித்தான் வைத்திருப்பான்.

அந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது, எங்களோடு வந்த பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தின் ஒரு பக்கமே திறந்தது போல இருந்தது. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாகச் சுண்ணாம்புக்கல், அடியில் தண்ணீர். அந்தக் கல் மயோசின் காலத்தது. அந்தக் காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அப்போது இந்த இடம் கடலடியாக இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகளும் பவளமும் படிந்து இறுகியதால் இது அடையற்பாறை. எங்கள் மலையில் இருப்பது இதைவிட எத்தனையோ மடங்கு பழையது. பூமிக்கு ஆழத்தில் வெந்து நெரிந்து உருமாறிய பாறை அது. நைஸ், சானோக்கைட்டு என்று புத்தகம் சொல்லும். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் கருங்கல்தான்.

பெயர் மனப்பாடம் செய்வதில் எங்களுக்குப் பெரிய மதிப்பில்லை. "வானிலையாலழிதல்" என்று கரும்பலகையில் எழுதியபோது, அது என்ன வருத்தம் என்று ஒரு பையன் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பிளவுக்குள் புகுந்த நீர் உறைந்து பாறையைப் பிளக்கும் என்று முதல் உதாரணம் தருகிறோம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் பனி விழுந்து கொழுந்து கருகும், அவ்வளவுதான். பாறையைப் பிளக்கிற பனி எங்களிடம் இல்லை, உங்களிடம் கேட்கவே வேண்டாம். பக்கத்துக் கோயில் மதிலில் முளைத்த ஆலங்கன்று கல்லைப் பிளப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறதே, அதைக் காட்டினால் போதாதா?

நாங்கள் செய்துபார்த்த சிலவற்றைச் சொல்கிறோம். ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல், ஒரு துண்டுக் கருங்கல், ஒரு எலுமிச்சம்பழம். சாற்றைச் சொட்டு விட்டால் உங்கள் கல் நுரைக்கும், எங்கள் கல் சும்மா இருக்கும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கரைந்து மழைநீர் இலேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு எலுமிச்சையைவிட எவ்வளவோ குறைவு, ஆனால் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக விடாமல் இறங்குகிறது. கல் கரைந்து, கரையாத மீதி மேலே தங்குகிறது. இரும்புத் துருவின் நிறம் ஏறிய அந்த மீதிதான் உங்கள் செம்மண். கரைந்த இடங்கள் குகையாகின்றன, கிணறாகின்றன. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீரும் ஆழம் போகப் போக உப்பும் இருப்பது, அந்தக் கல்லுக்குள்ளேயே வழி இருப்பதால்தான். கரைந்த சுண்ணாம்பு எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா தேத்தண்ணிக் கேத்திலைத் திறந்து காட்டினார். உள்ளே தடிப்பாக வெள்ளைப் படிவு. மலையகத்துக் கேத்திலில் அப்படிப் பிடிப்பதில்லை. எங்கள் தேயிலையும் உங்கள் கல்லும் சந்திக்கிற இடம் அந்தக் கேத்தில்தான்!

இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். ஆனால் உரம் போட்டுப் போட்டுப் புளிப்பு மிஞ்சிப் போனால் டொலமைட் தூவச் சொல்வார்கள். கவ்வாத்து மலையில் அதைத் தூவி, கண்ணெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருகிற அப்பாவைப் பார்த்த பிள்ளைக்கு அது ஒரு கல்லின் தூள் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னோம். அடுத்த நாள் அந்தப் பிள்ளை ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தது.

இனி எங்கள் பக்கத்துக் கதை. கருங்கல்லும் உக்கும். வெங்காயம் உரிவது போல அடுக்கடுக்காக உரியும். உள்ளே உருண்டையாகக் கெட்டிக் கல் மிஞ்சும். சுற்றியிருப்பது கையால் நசுக்கினால் உதிரும். பார்வைக்குப் பாறை, ஆனால் தண்ணீர் குடித்தால் மண். இந்த வித்தியாசம் தெரியாமல் அதன் அடியில் லயம் கட்டியிருக்கிறது.

காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள், 1869இல் வந்த இலை நோயில் கோப்பி அழிந்தபின் அதே சரிவில் தேயிலை போட்டார்கள். புல் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சுரண்டச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சுரண்டிய மலையில் மழை விழுந்தது. மேல் மண் ஆற்றோடு போனது. மண் காப்புச் சட்டம் வந்தது 1951இல். ஒரு அங்குல மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அது போக ஒரு மாரி போதும்.

மண்ணைப் பிடித்து வைத்தது யார்? கான் வெட்டிய எங்கள் பாட்டன்மார். சரிவுக்குக் குறுக்கே கான், கானுக்குள் மண் தங்கக் குழி, ஓரத்தில் கல் அடுக்கு. இன்று பல தோட்டங்களில் கான் வெட்டுக்கு ஆள் போடுவதில்லை. கொழுந்துக்கு மட்டும் பேர் விழுகிறது. கான் தூர்ந்தால் தண்ணீர் தன் வழியைத் தானே தேடும். ஆகவே கான் வெட்டுக்கு நாள் கேட்பது மேலதிகச் சம்பளத்துக்காக மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பிள்ளைகளிடம் போத்தல் கொடுத்தோம். மழை விட்டதும் தேயிலை மலைக் கானில் ஒரு போத்தல், காட்டு ஓடையில் ஒரு போத்தல். இரவு முழுதும் அசையாமல் வைத்து, காலையில் அடியில் படிந்த மண்ணை அடிமட்டத்தால் அளந்தார்கள். மானா புல் நட்ட துண்டிலிருந்து வந்த போத்தலையும் பக்கத்தில் வைத்தோம். அதன் பிறகு நாங்கள் அதிகம் பேசத் தேவை இருக்கவில்லை.

அந்த வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, லயத்துக்கு மேலே நிலத்தில் ஒரு வெடிப்பு இருப்பதையும் பீலித் தண்ணீர் கலங்கி வருவதையும் கண்டு வந்து சொன்னது. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். மரங்கள் சாய்ந்திருந்தன, ஒரு வீட்டின் கதவு சட்டத்தில் இறுகியிருந்தது. நிர்வாகத்துக்கு எழுதினோம், பதில் வரவில்லை. மழை வலுத்த இரவில் எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு இறக்கினோம். பதினொரு இரவு. மலை வரவில்லை. பேர் போனது, நித்திரை போனது என்று எங்களை ஏசினார்கள். அந்தப் பிள்ளையையும் ஏசினார்கள், அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. பிறகு வெடிப்பு கை நுழையுமளவு விரிந்தது, அதிகாரிகள் வந்து இருக்கக் கூடாத இடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்றுக் காணி இன்னும் இல்லை. அவர்கள் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அங்கே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மறுபடியும் மலைகள் இறங்கின. பாடம் தெரிந்தால் மட்டும் உயிர் தப்பும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காணியும் வேண்டும். ஆனால் வெடிப்பைக் கண்ட பிள்ளைக்கு அது என்னவென்று தெரிய வேண்டும், வாய் திறந்து சொல்லவும் வேண்டும்.

எங்களிடம் மலை சரிகிறது, இங்கே தரை சமன், உங்களுக்கு என்ன என்று நினைக்காதீர்கள். மணற்காட்டில் மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயத்தைப் பார்த்தோம். காற்றும் மண்ணைத் தூக்கும், சவுக்கு நட்டால் நிற்கும் என்பதை அங்கே ஒரு நாளில் கற்பிக்கலாம். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990 வரை சீமெந்துக்காகக் கல் எடுத்த பள்ளங்கள் இருக்கின்றன. கல்தான் உங்கள் தண்ணீர்த் தாங்கி. அதைக் கடலோரத்தில் தோண்டினால் உப்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்று பிள்ளைகளையே வரைந்து காட்டச் சொல்லுங்கள். கோட்டைச் சுவரில் பவளக் கல் இருக்கிறது, அதற்குக் கட்டணம் கூட இல்லை, வெளியே நின்றே தொட்டுப் பார்க்கலாம்.

நாங்கள் கேட்பது சின்ன விடயம். உங்கள் பாடசாலை ஒன்றும் எங்கள் பாடசாலை ஒன்றும் ஆளுக்கு ஒரு பெட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் சுண்ணாம்புக்கல்லும் செம்மண்ணும் மணற்காட்டு மணலும் அனுப்புங்கள். நாங்கள் கருங்கல்லும் உக்கிய கல்லும் கான் தண்ணீர்ப் போத்தலும் அனுப்புகிறோம். ஒவ்வொன்றிலும் எடுத்த இடம், திகதி, எடுத்த பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கட்டும். எங்கள் முதல் பெட்டி அந்த மேசையில் இருக்கிறது. ஒரு போத்தல் ரயிலில் உடைந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். எலுமிச்சம்பழம் கொண்டுவரவில்லை, இங்கே கிடைக்கும் என்று சொன்னார்கள்.