சொரசொரப்புப் பூச்சும் நம் கைக்கருவிகளும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கட்டட வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டட வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிகள் இந்தக் கூட்டத்தில் நிறைய பேர் இருக்கீங்க. நமக்கெல்லாம் ஒரே பேருதான், சித்தாள். மணல் சலிக்கிறது, பாண்டு சுமக்கிறது, சுவருக்குத் தண்ணி விடுறது எல்லாம் நாம. கரண்டி பிடிக்கிறது கொத்தனார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாம் செய்வது வேற வேலை என்று சொல்லித்தான் கூலியைக் குறைக்கிறார்கள். அப்ப கரண்டி பிடிக்கிற வேலைக்கே போயிட வேண்டியதுதானே?

அதுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வாசல் சொரசொரப்புப் பூச்சு. டெக்ஸ்சர் என்று சொல்கிறார்களே, அது. வீட்டு முகப்புக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இப்ப நிறைய பேர் கேட்கிறாங்க. அடிப்பூச்சை மட்டம் பார்த்து முடித்த பிறகு, மேலே மெல்லிசாகப் போடுகிற வேலை. பலத்தைவிட நிதானமும் ஒரே சீரான கையும்தான் இதுக்கு வேணும். கோலம் போடுகிற நமக்கு அது புதுசு இல்லை.

முதலில் கரண்டி. கடையில் பெரிய கரண்டியைத்தான் எடுத்து நீட்டுவாங்க. வாங்காதீங்க. கலவை நிறைந்த கரண்டியை நாள் முழுக்கத் தூக்குறது மணிக்கட்டு. சின்னதாக எடுத்து, கைப்பிடி உள்ளங்கையில் அடங்குதா, முன்பக்கம் இழுக்காமல் இருக்கா என்று பிடித்துப் பாருங்க. தேய்க்கிற தகடு வாங்கும்போது விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகக் கண் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வளைவு இருந்தால் அப்பவே தெரியும். வளைந்த தகடு சுவரில் கோடு இழுக்கும்.

அடுத்தது மணியாசு கட்டை. சிமெண்ட் பூச்சில் மணல் மணலாகத் தெரிகிற சொரசொரப்பு மரக்கட்டையில்தான் வரும். இரும்புத் தகட்டால் தேய்த்தால் சிமெண்ட் பால் மேலே வந்து வழுவழுப்பாகிவிடும், மயிரிழை வெடிப்பும் விடும். மரக்கட்டையை வேலைக்கு முன்னால் தண்ணியில் ஊற வைக்கணும். காய்ந்த கட்டை பூச்சில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடும். எப்போ தேய்க்கிறது என்பதுதான் இதில் சூட்சுமம். விரலால் தொட்டால் கையில் ஒட்டக் கூடாது, ஆனால் விரல் தடம் பதியணும். அந்த நேரத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் மணல் ஒரே மாதிரி எழும்பும். ஸ்பாஞ்ச் கட்டையும் இதே வேலையைச் செய்யும். அதை நல்லாப் பிழிந்துட்டுத் தேய்க்கணும். தண்ணி சொட்டச் சொட்டத் தேய்த்தால் சிமெண்ட் கழுவிக்கிட்டுப் போய், பிறகு கை வைத்தால் மணல் உதிரும்.

அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே, ஆணி அடித்த கட்டையாலோ கம்பிச் சீப்பாலோ வளைவு வளைவாகக் கீறி விடுங்க. மேல்பூச்சுக்குப் பிடிமானம் அதுதான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மழையில் மேல்பூச்சு பொருக்காக எழும்புது.

ரெடிமேடாக வாளியில் வருகிற டெக்ஸ்சருக்கு இரண்டு தகடு வேணும். ஒன்று துருப்பிடிக்காத ஸ்டீல். சாதா இரும்புத் தகட்டால் வெள்ளை, சந்தன நிறச் சுவரில் கறுப்புத் தடம் விழும். ஸ்டீல் தகட்டால் பரப்பி, அதில் இருக்கிற கல்மணி கனத்துக்கு மட்டும் மிச்சம் விட்டு வழிச்சிடணும். பிறகு பிளாஸ்டிக் தகட்டால் லேசாக இழுத்தால் கல்மணி உருண்டு கோடு போடும். மேலிருந்து கீழே இழுத்தால் மழைக்கோடு, சுற்றினால் சுழி. அழுத்தக் கூடாது.

ஒரு சுவரை ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை வரை நிறுத்தாமல் போகணும். நடுவில் சாப்பிடப் போனால் அந்த இடம் ஒட்டுத் துணி மாதிரி தெரியும், எந்தப் பெயிண்டும் மறைக்காது. பரப்புகிறவர் ஒருத்தர், கோடு இழுக்கிறவர் ஒருத்தர் என்று ஜோடியாகப் போங்க. கோடு இழுக்கிற கை கடைசி வரை மாறக் கூடாது. வெயில் அடிக்காத பக்கமாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்க.

வீட்டுக்காரர் கேட்கிறார் என்று எல்லா இடத்திலும் போட்டுத் தரவும் வேண்டாம். மண் ரோட்டை ஒட்டிய சுவரில் ஆழமான கோடு போட்டால் ஆறு மாசத்தில் புழுதி அடைந்து அசிங்கமாகும். பிள்ளைகள் சாய்கிற திண்ணைச் சுவரில் போட்டால் முதுகைக் கீறும். இதை நாமே எடுத்துச் சொன்னால், வேலை தெரிந்தவங்க என்று மதிப்பாங்க.

சிமெண்ட் கையை அரிக்கும், கையுறை போடுங்க. சாயங்காலம் தகடுகளைக் கலவை காயும் முன்னே கழுவி எண்ணெய் தொட்டு வையுங்க. கட்டுமான நல வாரியத்தில் பதியாதவங்க பதிஞ்சுடுங்க.

நம்ம குழுக்களிடம் ஒன்று கேட்கணும். கறவை மாட்டுக்கும் தையல் மிஷினுக்கும் கடன் கேட்டால் உடனே தீர்மானம் எழுதுறோம். கரண்டிக்கும் கட்டைக்கும் கேட்டால் சிரிக்கிறோம். மாட்டுக்கு ஆகிற செலவில் சின்னப் பங்குகூட இந்தப் பைக்கு ஆகாது. சொந்தக் கருவி இல்லாதவள், கொத்தனார் சாப்பிடுகிற நேரத்தில் அவர் கரண்டியை இரவல் வாங்கித்தான் பழகணும். உள்கடனில் இதையும் தொழில் கடனாக எழுதணும் என்பது என் கோரிக்கை.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு என் பையைக் கொண்டு வர்றேன். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் நாலு மாதிரி போட்டும் எடுத்துட்டு வர்றேன். வீட்டுக்காரரிடம் காட்டி வேலை பிடிக்க அது உதவும். பழக நினைக்கிறவங்க பழைய சேலையோ சட்டையோ போட்டுட்டு வாங்க.