நோயுற்ற முயற்குட்டி



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர் வீடுகளில் இரண்டு மொழிகள் ஒரே அடுப்பங்கரையில் புழங்குகின்றன. பாட்டி 'முயல்' என்பாள். தெலுங்குப் பள்ளியில் பயிலும் பேரன் 'குந்தேலு' என்பான். எப்பெயரால் அழைத்தாலும் அச்சிறு பிராணி வாய் திறந்து தன் நோயைச் சொல்வதில்லை. அது சொல்லாததை நாம் எப்படி அறிவது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தியைத் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு அழைத்து வந்தேன். அவள் கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் இரண்டு வெண்முயற்குட்டிகள். அவை தாயைப் பிரிந்து எத்தனை நாளாயிற்று என்று விற்றவரை அவளும் கேட்கவில்லை. உடனிருந்த நானும் கேட்கவில்லை. வீட்டில் அவற்றுக்கு இராஜோபசாரம் நடந்தது. பசும்பாலும் பிஸ்கோத்தும், காரட்டும் முட்டைக்கோசும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றாம் நாள் காலையில் புழுக்கை இளகியிருந்தது. மாலையில் சளி போல் ஒழுகியது. ஒரு குட்டி மூலையில் கூனிக் குறுகி, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்துவிட்டது. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். காலையில் அக்குட்டி உயிரோடு இல்லை.

"நேற்றே டாக்டரிடம் போயிருந்தால் பிழைத்திருக்குமா, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். அதற்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. எஞ்சியிருந்த குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அன்று அவர் சொல்லித் தந்தவையும், பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டவையும்தான் இப்பேச்சின் சாரம்.

முதலாவது, முயலின் வயிறு நம் வயிறு போன்றதன்று. புல்லிலுள்ள நாரைச் சிதைக்கும் வேலை அதன் குருட்டுக்குடலில் நடைபெறுகிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து அவ்வேலையைச் செய்கின்றன. அங்கு உருவாகும் மென்மையான உருண்டைகளை முயல் மலவாயிலிருந்தே நேராக எடுத்து உண்ணும். அருவருப்படைய வேண்டா, அதற்கு வேண்டிய சத்துக்களில் ஒரு பகுதி அவ்வாறுதான் உடம்பில் சேர்கிறது. ஆகாரத்தில் நார் குறைந்து, மாவும் சர்க்கரையும் மிகுந்தால் நல்ல நுண்ணுயிர்கள் ஒடுங்கித் தீயவை பெருகுகின்றன. அவற்றின் நஞ்சு குட்டியை ஒரே இரவில் கொன்றுவிடக்கூடும். முயலுக்கு வாந்தியெடுக்கும் ஆற்றலும் இல்லை. உட்சென்றது குடல் வழியாகத்தான் வெளிவர வேண்டும்.

இரண்டாவது, பால் மறக்கும் பருவமே கண்டம். பிறந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டி புல்லைக் கொறிக்கத் தொடங்கும். நான்கு முதல் ஆறு வாரத்திற்குள் பால்குடி மறக்கும். அதுவரை தாய்ப்பால் அளித்துவந்த காப்பு அப்போது நீங்கிவிடுகிறது. குருட்டுக்குடலோ இன்னும் பக்குவப்படவில்லை. ஆகவே ஆறு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். எட்டு வாரமாயின் இன்னும் நன்று. முன்பு தின்று வந்த தீவனம் யாதென்று கேட்டு, அதையே கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். பசும்பால் வேண்டவே வேண்டா.

மூன்றாவது, எல்லாக் கழிச்சலும் உணவினால் வருவதன்று. எங்கள் குட்டியின் புழுக்கையை உருப்பெருக்கியில் பார்த்த மருத்துவர், 'காக்சிடியா' என்னும் ஒட்டுண்ணி இருப்பதாகக் கூறினார். இளங்குட்டிகளைப் பெரிதும் வாட்டுவது இது. குடலைத் தாக்கினால் கழிச்சல். ஈரலைத் தாக்கினால் வயிறு உப்பி உடல் மெலியும். முயலைத் தாக்கும் இவ்வொட்டுண்ணி மனிதரைப் பற்றுவதில்லை. புழுக்கையோடு வெளிவரும் இதன் முட்டைகள் உடனே நோய் பரப்புவதில்லை; ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பின்னரே பரப்பும். எனவே நாள்தோறும் கூண்டைக் கூட்டித் துடைப்பது பாதி மருந்தாகும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இம்முட்டைகள் எளிதில் அடங்கா. கொதிநீர் ஊற்றி வெயிலில் உலர்த்துங்கள். தண்ணீரும் தீவனமும் புழுக்கை படாத உயரத்தில் இருக்கட்டும். இந்நோய்க்கு நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் மருந்தையும் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று நானும் நினைத்தேன். மருத்துவர் திடுக்கிட்டார். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை வாய்வழியே கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்து, உயிருக்கே உலை வைத்துவிடும். குழந்தையைக் காக்கும் மருந்து குட்டிக்கு நஞ்சாகலாம்.

நான்காவது, எடை. மெலிவை அடர்ந்த உரோமம் மறைத்துவிடுகிறது. கண் ஏமாறும், தராசு ஏமாறாது. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் காலையில் தீவனத்திற்கு முன் குட்டியை நிறுத்து ஒரு தாளில் குறியுங்கள். வளரும் குட்டியின் எடை நாளுக்கு நாள் ஏற வேண்டும். இரண்டு நாள் ஏறாமல் நின்றால் எச்சரிக்கை, இறங்கினால் அபாயம். கழிச்சல் இல்லாமலே மெலிந்தால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. கோணலாக வளர்ந்துவிட்டால் தின்ன ஆசையிருந்தும் தின்ன இயலாது.

சிகிச்சை நடக்கும் நாட்களில் செய்ய வேண்டுவன சில உண்டு. தீனி, காய்கறி, பழம் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்திவிட்டு, நிழலில் உலர்த்திய புல்லை வேண்டுமட்டும் வையுங்கள். அருகும் கொழுக்கட்டைப்புல்லும் நன்று. சித்தூர்ச் சீமையில் தாராளமாகக் கிடைக்கும் உலர்ந்த நிலக்கடலைக் கொடியும் சிறிது சேர்க்கலாம். பூஞ்சணம் படிந்ததை மட்டும் தொடாதீர்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். தானாகக் குடிக்காவிடில், மருத்துவர் சொல்லும் நீரை ஊசி கழற்றிய சிரிஞ்சினால் கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு உப்பி இறுகியிருந்தால் எதையும் புகட்டாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காது சில்லிட்டிருந்தால் துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அருகில் வையுங்கள். மாறாக, திருப்பதியின் சித்திரை வெயிலில் 30 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினாலே முயல் தவிக்கும். அப்போது நிழலும் காற்றும் ஈரச்சாக்கும் தேவை.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், அல்லது குட்டிக்கு நீராகக் கழிந்தால், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. திருப்பதியில் 1955-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவர கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது அது. பிற மாநிலங்களில் வாழும் அன்பர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாநிலங்களில் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கிறது. மொழி தடையாகுமோ என்று தயங்க வேண்டா. அன்றன்றைய எடை குறித்த தாளும், ஒரு சிறு டப்பியில் அன்றைய புழுக்கையும் கையிலிருந்தால், பேச வேண்டியதில் பாதியை அவையே பேசிவிடும்.

'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்பது பழமொழி. பால் நல்லது, பிஸ்கோத்து நல்லது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் மூன்று கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான். இரண்டாம் குட்டி பிழைத்துக்கொண்டது. பத்து நாள் எடையை என் பேத்தி தன் கையாலேயே எழுதினாள். முதல் நான்கு நாள் இறக்கம், பிறகு ஏற்றம். அத்தாள் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதன் தலைப்பில், இறந்துபோன குட்டிக்கு அவள் இட்ட பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.