வெயில் தேடிச் சென்றோம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வித்துராவில் வாழும் நமக்கு மழையைப் பற்றி ஒருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனி பிறந்துவிட்டால் பொன்முடி மேகத்துள் மறைந்துவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாள் கழித்தும் ஈரமாகவே இருக்கும். அரிசிப் பானையிலும் பூசணம் பூக்கும். அரபிக் கடலிலிருந்து வரும் காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து, தன் நீரையெல்லாம் நம் தலைமேல் இறக்கிவிட்டு, அப்பால் இறங்கும்போது வெப்பமுற்று வறண்டு போகிறது. நாம் நனைவதும் கிழக்கே உள்ளவர்கள் காய்வதும் ஒரே காற்றின் செயல்தான்.

சென்ற ஆடியில் எங்கள் வீட்டு ஆச்சி, "ஒரு நாளாவது நல்ல வெயிலில் உட்கார வேண்டும்" என்றார்கள். எண்பத்தைந்து வயது, முழங்கால் மடங்காது. பேருந்துப் பயணம் இயலாத காரியம். ஆகவே படுக்கையும் அடுப்பும் கழிவறையும் கொண்ட வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். கேரவன் என்றால் திரைப்பட நடிகர்களுக்கே உரியது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். 2021இல் கேரள அரசு இதற்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டமே வகுத்துவிட்டது. ஆச்சி தம் கம்பளியையும் தலையணையையும் உடன் எடுத்துக்கொண்டார்கள். வண்டியிலேயே மெத்தை இருக்கிறதே என்றோம். அவர்கள் காதில் வாங்கவில்லை.

பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை என்று மழையினூடே சென்றோம். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைக் கண்டு பிள்ளைகள் ஆரவாரித்தனர். 1904இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த இருப்புப்பாதை அதன்மேல்தான் செல்கிறது. ஆரியங்காவு ஐயனை வண்டியிலிருந்தே வணங்கிவிட்டு மலைச்சரிவில் இறங்கினோம். அவ்வளவு பெரிய வண்டி ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது எங்கள் உயிர் எங்களிடம் இல்லை. புளியறையில் வண்டியை நிறுத்தி, எங்கள் சோற்றுப் பானை வரை திறந்து பார்த்தார்கள். இங்குள்ள குப்பையை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவோர் இருக்கையில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

அந்தச் சாவடியில்தான் ஆச்சி பேசத் தொடங்கினார்கள். அவர்கள் செங்கோட்டையில் பிறந்தபோது அவ்வூர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது; அங்கே எல்லை என்று ஏதுமில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இரண்டாண்டு கழித்து அவர்கள் மணமாகி வித்துராவுக்கு வந்தார்கள். "நான் எங்கும் போகவில்லை அய்யா, பிறந்த வீடுதான் வேறு ராஜ்யத்துக்குப் போய்விட்டது" என்று சிரித்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை.

செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலையருகே வண்டியை நிறுத்தினோம். அவர் மலைக்கு மேற்கே புனலூரில் காட்டு இலாகாவில் பணிபுரிந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அங்கேயே ஒரு தலைக்குனிவும் நேர்ந்தது. ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னபோது, பன்னிரண்டு வயதுப் பேரன் ஆங்கில எழுத்தைத் தேடினான். மலையாளம் நன்றாகப் படிப்பான், அது நல்லதுதான். ஆனால் ஆச்சி எழுதிய கடிதத்தை அவனால் படிக்க இயலாது. நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துக் கற்பிக்க இருவர் முன்வந்தால் போதும். அவ்விருவரில் ஒருவராக இருக்க நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம்.

ஆச்சி பிறந்த வீட்டின் இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. சற்று நேரம் பார்த்திருந்தார்கள். வெயிலும் இல்லை, குற்றாலத்துச் சாரல் அங்கேயும் தூவிக்கொண்டிருந்தது. "இன்னும் கிழக்கே போங்க, வெயில் அங்கேதான் கிடக்கும்" என்றார்கள்.

அவர்கள் சொன்னது சரியாயிற்று. தென்காசியைக் கடந்து சுந்தரபாண்டியபுரம் நெருங்கியதும் வானம் திறந்தது. சாலையின் இருபுறமும் சூரியகாந்தி வயல்கள்! கேரளத்துப் பதிவெண் கொண்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஆண்டுதோறும் ஆடியில் மலையாள அன்பர்கள் இப்பூக்களைக் காணத் திரண்டு வருகிறார்கள். மொட்டாக இருக்கும்போது சூரியனைத் தொடர்ந்து திரும்பும் இச்செடி, பூ முற்றிய பின் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். இதைச் சொன்ன உழவர், செடியை மிதியாமல் வரப்பிலேயே நிற்குமாறு பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். அது அவருடைய சோறன்றோ!

ஆச்சி ஒரு மதகின்மேல் தம் கம்பளியையும் தலையணையையும் விரித்துப் போட்டு, பக்கத்தில் நாற்காலி இடச்சொல்லி அமர்ந்தார்கள். இரண்டு மணி நேரம் எழவில்லை. ஒவ்வொரு அரைமணிக்கும் கம்பளியைத் திருப்பிப் போட மட்டும் பேரனை ஏவினார்கள்.

மாலையில் திரும்பினோம். ஆரியங்காவில் மழை வண்டியின் கூரையைத் தட்டத் தொடங்கியது. ஆச்சி அந்தக் கம்பளியை முகம்வரை இழுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, வித்துரா வரும்வரை உறங்கினார்கள்.