வளை கழன்ற ஊரும் பால்கோவாவும்



உடல் மெலியக் குறுக்குவழி தேடுவோர்க்குத் தமிழ்க் கவிதை என்றோ ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டது: பிரிவு. தலைவன் பொருள்தேடிப் போனால் போதும். தலைவியின் தோள் மெலியும், வளை கழலும். வள்ளுவர் இதற்கெனவே ‘உறுப்புநலன் அழிதல்’ என்று 124ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். திருவில்லிபுத்தூர் ஆண்டாளோ நாச்சியார் திருமொழியில், தம் வளையைக் கவர்ந்தவர் திருவரங்கர் என்று வழக்கே தொடுக்கிறார். அதே ஊர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வளை கழன்றதும் அங்கே, கழலாமல் இறுகுவதும் அங்கே! மகாராஜபுரம் வழியே சென்று சதுரகிரி ஏறி இறங்குவோருள், மலையேற்றக் கணக்கை அந்தப் பால்கோவாக் கடையில் நேர்செய்துகொள்வோரும் உண்டு.

அமெரிக்கரான ஹோரஸ் பிளெட்சர் (1849–1919), உணவு வாயிலேயே நீராகும்வரை மென்றால் உடல் இளைக்கும் என்றார். விருந்தில் அவரருகே அமர்ந்தவர் பாடு இரங்கத்தக்கது. இடுப்பைச் சூடேற்றும் பட்டை வடிப்பது வியர்வையைத்தான். ஒரு லிட்டர் வியர்வைக்கு எடைக்கருவி ஒரு கிலோ குறைத்துக் காட்டும், செம்பு நீரைக் குடித்ததும் மீண்டும் ஏற்றிக் காட்டும். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்பி, மூன்று வேளையும் வயிறார உண்டபின் கொள்ளுரசம் குடிப்பாரும் உளர்.

இவையெல்லாம் சிரிப்புக்குரியவை. இரவுணவைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிமுன் நின்று அழும் இளம்பெண்ணின் நிலை அப்படியன்று. பருத்த உடலைப் பகடி செய்யும் கவியரங்க வரிக்கு எழும் கைதட்டல் அவள் காதிலும் விழுகிறது. அகப்பாடலின் தோழி அவளைக் கண்டிருந்தால், எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்டிருக்கமாட்டாள். என்ன துயரம் என்றே கேட்டிருப்பாள்.